உறை யாருடையது?

எமது காரியாலயத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. ஆறடி அகலமுள்ள அக்கடையின் முகப்பில், கூரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரையில் திரைச்சீலை தொங்குவதுபோலப் பொட்டலச் சரங்கள் தொங்குகின்றன. தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு, துணி வெளுக்கும் தூள், காபித் தூள், மசாலை, ஊறுகாய், பற்பசை, முகத்துக்குப் பூசும் களிம்பு, பாக்கு ஆகிய யாவும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் விலையில் மினுமினுக்கும் உறைகளில் அடைபட்டு, ஒன்றன் கீழ் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. கடைக்கார அம்மையார் கேட்டதைக் கேட்டவுடன் கிழித்துத் தருகிறார். வாங்கியவர் பத்தடி நடப்பதற்குள் உறை வாய் பிளந்து தரையில் விழுகிறது. மாலையில் அவர் துடைப்பத்தால் ஒதுக்கித் தள்ளும் குவியலை எமது மாடிச் சாளரத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அக்குவியலைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். தேசத்தில் எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, குப்பையைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் பேசுவானேன் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். உப்பும் ஒரு காலத்தில் அற்ப விஷயமாகவே இருந்தது.

பழக்கங்களுள் சில, மண்ணிலும் தட்பவெப்பத்திலும் தொழிலிலும் வேரூன்றித் தாமாக வளர்பவை. வேறு சில, விற்பவனால் நடப்பட்டு நீர் வார்க்கப்படுபவை. நட்டவன் யார், நீர் வார்த்தவன் யார் என்பதை இரண்டு தலைமுறைக்குள் ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். பிறகு அது ஆதிகாலந்தொட்டு வந்த வழக்கம் போலவே தோன்றுகிறது. இதற்குத் தேயிலையைவிட நல்ல உதாரணம் இல்லை. தமிழ்நாட்டில் இன்று தேநீர்க் கடை இல்லாத தெரு இல்லை. ஆயினும், நூறு வருஷங்களுக்கு முன் நமது கிராமவாசிகளுள் பெரும்பாலோர் அதன் சுவையை அறியார். நீலகிரியிலும் ஆனைமலையிலும் விளைந்தது கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. 1903-ம் வருஷத்தில் ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது ஒரு சிறு வரி விதிக்கச் சட்டம் செய்தார்கள். தோட்ட முதலாளிகளே விரும்பிக் கேட்டுப் பெற்ற வரி அது; அப்பணம் முழுதும் தேயிலைப் பிரசாரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. 1929-ல் தொடங்கிய உலக வியாபார மந்தத்தில் விலை வீழ்ந்து, 1933-ல் சர்வதேச ஒப்பந்தப்படி ஏற்றுமதிக்கு அளவு விதிக்கப்பட்டபோது, மிஞ்சும் சரக்கை எங்கே தள்ளுவது என்ற கேள்வி பிறந்தது. நம் தலையில் தள்ளுவது என்று முடிவாயிற்று.

அதன் பிறகு நடந்ததை, பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்கும் வழக்கமுடைய எவரும் காணலாம். ரயில் நிலையங்களில் தேநீர் தயாரிக்கும் முறையைப் படத்துடன் விளக்கும் தட்டிகள் மாட்டப்பட்டன. பொது இடங்களில் கோப்பைகள் இலவசமாக நீட்டப்பட்டன. பிரசாரகர்கள் வீடு வீடாகச் சென்று, நீர் கொதிக்க வேண்டிய பக்குவம் முதல் இலை ஊற வேண்டிய நேரம் வரையில் செய்து காட்டினார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் அவ்விளம்பரங்களைச் சந்தோஷமாக வாங்கிப் பிரசுரித்தன. தேநீரும் காபியும் தேகத்துக்கு அவசியமல்ல என்று மகாத்மா காந்தி எழுதினார். நமது தேசபக்தர்கள் பலர் அதை மெய்யென ஒப்புக்கொண்டபடியே அடுத்த கோப்பையைக் கையில் எடுத்தார்கள். இந்தியாவில் விளையும் தேயிலையின் பெரும்பகுதியை இன்று நாமே குடித்துத் தீர்க்கிறோம். காபியைப் பற்றி இங்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொன்னால் சந்தாதாரர்களில் பாதிப் பேரை இழப்போம். எமது இல்லத்திலும் சமாதானம் குலையும்.

பொட்டலத்தின் வரலாறோ அந்நியத் தோட்ட முதலாளியிடம் தொடங்கவில்லை. சுதேசிகளாகிய நாம் இதைக் கொஞ்சம் பெருமையுடனும் கொஞ்சம் சங்கடத்துடனும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஷாம்புப் பொட்டலத்தின் பூர்வீகம் நமது கடலூர். அவ்வூரில் ஸ்ரீ சின்னிகிருஷ்ணன் என்னும் சிறு தொழிலதிபர் இருந்தார். செல்வர் வீட்டுப் பண்டம் ஏழை வீட்டுக்கும் எட்ட வேண்டுமானால், அதைச் சிறு உறையில் அடைத்து விற்பதே வழி என்று கருதியவர் அவர். அவர் காலத்துக்குப் பின் அவருடைய மக்கள் ‘வெல்வெட்’ என்ற பெயரில் ஷாம்புப் பொட்டலத்தைப் பரப்பினார்கள். 1983-ல் அவர்களுள் ஒருவரான ஸ்ரீ ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலுடன் தனியே பிரிந்து ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். பின்னாளில் அது 50 காசுக்கும் விற்றது. பெரும் பெரும் அந்நியக் கம்பெனிகள் புட்டியை விட்டுப் பொட்டலத்துக்கு இறங்கி வர நேர்ந்தது. சீயக்காய்த் தூளும் சோப்புக் கட்டியும் அன்றி வேறறியாத கிராமத்துப் பெண், பட்டணத்துச் சீமாட்டி தேய்க்கும் பொருளைத் தானும் தேய்த்தாள். இதில் ஒரு சமத்துவம் இருந்தது. அதை மறுப்பது நியாயமாகாது.

இக்கதையில் இன்னொரு சம்பவம் உண்டு. வியாபாரப் பாடம் கற்பிப்போர் இதைச் சாமர்த்தியத்துக்கு உதாரணமாக எடுத்துச் சொல்வார்கள். நாம் வேறொன்றுக்கு உதாரணமாகக் கொள்கிறோம். சந்தையில் இடம் பிடிக்கும் பொருட்டுச் ‘சிக்’ கம்பெனியார், எந்தக் கம்பெனியின் காலிப் பொட்டலமாயினும் ஐந்தைக் கடையில் கொண்டுவந்து கொடுத்தால் தங்கள் புதுப் பொட்டலம் ஒன்று இலவசம் என்று அறிவித்தார்கள். சிறிது காலம் கழித்து, தங்கள் சொந்தப் பொட்டலத்தின் காலி உறைகளை மட்டுமே ஏற்பதென்று மாற்றிக்கொண்டார்கள். ஜனங்கள் தேடிப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆகவே, காலி உறைக்கு ஒரு மதிப்பு வைத்தால் அது தெருவில் கிடக்காது என்பது நமது நாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. கோடிக்கணக்கான சிற்றுறைகளைத் திரும்பப் பெறுவது மனித சாத்தியமன்று என்று இன்று தொழிலதிபர்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் இதுவே எமக்கு நினைவுக்கு வருகிறது.

ஏழை மக்கள் பொட்டலம் வாங்குவதைக் குறைகூறும் கனவான்கள் சிலர் உளர். மொத்தமாக வாங்கினால் மலிவு, சில்லறையாக வாங்குவது அறியாமை என்பது அவர்கள் வாதம். ஷாம்புவின் விஷயத்தில் இவ்வாதம் கணக்கிலேயே தோற்றுவிடுகிறது. ஒரு ரூபாய்ப் பொட்டலத்தில் சுமார் ஐந்தாறு மில்லிலிட்டர் இருக்கிறது; அதே சரக்கைப் பெரிய புட்டியில் வாங்கினால் மில்லிலிட்டர் ஒன்றுக்குப் பெரும்பாலும் அதிகமே கொடுக்க நேரிடுகிறது. நம்பாதவர்கள் கடைக்குச் சென்று இரண்டின் விலையையும் வகுத்துப் பார்க்கலாம். அன்றாடக் கூலி பெறும் குடும்பத்தின் தலைவி, அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு வாங்குகிறாள். அவள் கணக்கு சரியான கணக்கு. அந்த விலையில் சேராத செலவு ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

சில்லறையாக வாங்குவதும் நமக்குப் புதிதன்று. காலணாவுக்குப் புளியும், அரையணாவுக்கு எண்ணெயும் வாங்கி வாழ்ந்த தேசம் இது. ஆழாக்கும் உழக்கும் எதற்காக ஏற்பட்டன? எண்ணெய்க்குக் கிண்ணம் கொண்டுபோனார்கள்; மிளகு சீரகத்தைக் காகிதத்தில் கூம்பாக மடித்து நூல் சுற்றித் தந்தார்கள்; பூவும் வெண்ணெயும் இலையில் வந்தன. அந்த இலையை மாடு தின்றது. மாடு தின்னாததை மண் தின்றது. ஆகவே, சிறிதளவு வாங்குவது குற்றமன்று. அச்சிறிதளவைச் சுற்றியிருக்கும் உறையையே நாம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வுறை பார்வைக்கு ஒரே தாளாகத் தோன்றினும் ஒரே பொருளால் ஆனதன்று. வெளியே அச்சிடுவதற்கு ஏற்ற பாலியெஸ்டர்ப் படலம். பல பொட்டலங்களில் நடுவே ஒளியும் காற்றும் ஈரமும் புகாதிருக்க மெல்லிய அலுமினியம். உள்ளே சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் பாலிதீன். இம்மூன்றும் பிரிக்க இயலாதபடி பிணைக்கப்பட்டுள்ளன. அதனால்தான் சரக்கு ஓராண்டு கெடாமல் இருக்கிறது. அதனாலேயே உறை எக்காலத்தும் வேறொன்றாக மாறாமலும் இருக்கிறது. தண்ணீர்ப் புட்டியைப் பொறுக்கிச் செல்லும் ஏழை, இதைக் குனிந்தும் பார்ப்பதில்லை. பழைய இரும்புக் கடைக்காரன் இதற்கு ஒரு காசும் கொடுக்க மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். உலகெங்கும் இத்தகைய பொட்டலங்களை விற்கும் பெருங்கம்பெனி ஒன்றின் தலைவரே, இவற்றை இயந்திர முறையில் மறுசுழற்சி செய்வது ஏறக்குறைய இயலாதது என்று 2020-ல் ஒப்புக்கொண்டார்.

தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்கியல் கற்று, பின்னர் அனைத்தையும் துறந்து காந்தியடிகளின் கிராமத் தொழில் இயக்கத்தை நடத்திய ஸ்ரீ ஜே. சி. குமரப்பா அவர்களை இந்த இடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது அவர் எழுதி, 1945-ல் வெளிவந்த நிலைபேற்றுப் பொருளாதாரம் பற்றிய நூலை நமது கல்லூரிகள் வெகுகாலம் மறந்திருந்தன. உலகம் இப்போது வேறு பெயர்களில் அதையே பேசுகிறது. நிலக்கரி, பெட்ரோலியம் முதலியவை தேக்கிவைத்த செல்வம். எடுக்க எடுக்கக் குறைவது. மரமும் பயிரும் நீரும் ஓடிவரும் செல்வம். முறையறிந்து எடுத்தால் மீண்டும் வருவது. முன்னதைச் சார்ந்த வாழ்வு போட்டியிலும் சண்டையிலும் முடியும் என்பது குமரப்பா அவர்களின் கொள்கை. இப்பொட்டலத்தை அவர் முன் வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. கோடிக்கணக்கான வருஷங்கள் பூமிக்கடியில் கிடந்த எண்ணெயைத் தோண்டியெடுத்து, ஒரு நிமிஷ உபயோகத்துக்காக உறையாக்கி, அடுத்த நிமிஷம் சாக்கடையில் எறிகிறோம். கணக்காளராகிய அவர் இதைச் செலவென்று எழுதுவதா, திருட்டென்று எழுதுவதா என்று யோசித்திருப்பார்.

எறிந்த உறையின் பயணத்தைத் தொடர்ந்து சென்றால், மேலே சொன்ன சேராத செலவு எங்கிருக்கிறது என்பது விளங்கும். ஒரு பகுதி மழைநீர் வடிகாலில் இறங்கி அதை அடைக்கிறது. ஐப்பசி மழையில் தெரு குளமானபின் வடிகாலில் இறங்கித் தூர்வாருகிற தொழிலாளியின் கூலி, பொட்டலத்தின் ஒரு ரூபாயில் இல்லை. ஒரு பகுதி பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போய் மலையாகக் குவிந்தது. அம்மலைகளைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கச் சென்னை மாநகராட்சி இறங்கியபோது, அச்செலவும் பொது நிதியின் தலையிலேயே விழுந்தது. ஒரு பகுதி சிமெண்டுச் சூளைகளுக்கு எரிபொருளாக அனுப்பப்படுகிறது. கிராமங்களில் இவ்வசதியும் இல்லை. வீட்டுக் கொல்லையில் வைத்துக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள். ஆக, சரக்கின் லாபம் ஓரிடத்துக்குப் போகிறது. உறையின் நஷ்டம் ஊருக்கெல்லாம் பங்கிடப்படுகிறது.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டம் இருந்தது என்பதே சரியான விடை. 2016-ம் வருஷத்துப் பிளாஸ்டிக் கழிவு விதிகளில், மறுசுழற்சி செய்ய இயலாத பல்லடுக்குப் பிளாஸ்டிக்கின் உற்பத்தியையும் உபயோகத்தையும் இரண்டு வருஷங்களுக்குள் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். இரண்டு வருஷம் முடியும் தறுவாயில், 2018 மார்ச்சு மாதத்தில், விதி திருத்தப்பட்டது. மறுசுழற்சி செய்ய இயலாதது, அல்லது எரித்துச் சக்தி பெற இயலாதது, அல்லது வேறு எவ்வித உபயோகத்துக்கும் ஆகாதது எதுவோ, அதையே நிறுத்த வேண்டும் என்று புது வாசகம் கூறிற்று. வக்கீல் தொழில் பயின்ற எமக்கு இவ்வாசகத்தைப் படித்தபோது எழுதியவர்மீது ஒருவித மரியாதையே உண்டாயிற்று. எரியாத பிளாஸ்டிக் உண்டோ? சூளையில் இட்டால் சக்தி தருவதாகிவிட்டது. சக்தி தருவதானால் விதியிலிருந்து தப்பிவிட்டது. நான்கைந்து சொற்களை நுழைத்து ஒரு மலையையே வாசல் வழியாக வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சாலைகளின் வழக்கில், மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் தீர்ப்பளித்தது. வேலூர்ப் பிரஜைகள் போராடிப் பெற்ற தீர்ப்பு அது. ஆற்றில் கழிவை விட்டவன் யார் என்று கண்டுபிடிக்க நிபுணர்கள் வேண்டியிருந்தது. நமது தெருவில் கிடக்கும் உறைக்கு நிபுணரும் வேண்டாம்; உடையவன் தன் பெயரை ஐந்து வர்ணத்தில் அச்சிட்டே அனுப்பியிருக்கிறான்.

எதிர்க்கடை அம்மையாரிடம் ஒரு நாள், சரத்தை விட்டுவிட்டுச் சீயக்காயையும் துணி வெளுக்கும் தூளையும் டப்பாவில் கொட்டி அளந்து விற்றால் என்னவென்று கேட்டோம்.

“அளந்து குடுத்தா கலப்படம்னு சொல்வாங்க, தம்பி. சரத்துல தொங்குறதை எவனும் கேக்க மாட்டான். நான் என்ன, கம்பெனியா?” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. 1998-ல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து பலர் மாண்டபின், சமையல் எண்ணெயை மூடி முத்திரையிட்டே விற்க வேண்டுமென்று சர்க்கார் உத்தரவிட்டது. அதன் நோக்கம் நியாயமானதே. ஆனால் கிண்ணம் ஏந்திச் சென்று எண்ணெய் வாங்கும் வழக்கத்தின்மீது அன்றுமுதல் ஒரு சந்தேகம் படிந்துவிட்டது. மூடிய உறை யோக்கியமானது, திறந்த பாத்திரம் மோசமானது என்று ஜனங்கள் நம்பலாயினர். அந்நம்பிக்கையைப் பொட்டல வியாபாரிகள் நன்கு பயன்படுத்திக்கொண்டார்கள்.

அண்டைத் தேசமாகிய இலங்கை நம்மைக் காட்டிலும் துணிவு காட்டிற்று. 20 மில்லிலிட்டரோ 20 கிராமோ, அதற்குக் குறைவாகவோ அடங்கிய பிளாஸ்டிக் பொட்டலங்களை, உணவும் மருந்தும் நீங்கலாக, 2021 மார்ச்சு 31 முதல் அந்நாடு தடைசெய்தது. உடனே என்ன நடந்தது? 6 மில்லிலிட்டர்ப் பொட்டலங்கள் நான்கைப் பிரிக்காமல் ஒன்றாக வைத்து, மொத்தம் 24 மில்லிலிட்டர் என்று கணக்குக் காட்டிச் சந்தையில் விட்டார்கள் என்று மறு வருஷம் செய்தி வெளியாயிற்று. இங்கும் அவ்விதமே. பாக்கு, புகையிலைப் பொட்டலங்களுக்குப் பிளாஸ்டிக் உறை கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2010 டிசம்பரில் உத்தரவிட்டது. புகையிலை கலந்த பாக்கையே மாகாணங்கள் தடைசெய்தபோது, பாக்கு ஒரு பொட்டலம், புகையிலை மற்றொரு பொட்டலம் என்று இரண்டாகப் பிரித்து ஒரே கையில் விற்றார்கள். வாங்கியவன் வாயில் கலந்துகொண்டான். தடை மட்டும் போதாது என்பதற்கு இவற்றைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. வாங்கும் கையும் விடவேண்டும்.

யாருடைய கை? கூலிக்காரத் தாயின் கையைப் பிடிக்க எமக்கு உரிமை இல்லை என்று மேலே ஒப்புக்கொண்டோம். ஆனால் இதைப் படிக்கும் கல்விமான்களாகிய நமக்கு அந்தச் சமாதானம் பொருந்துமா? இக்கட்டுரைக்கு விஷயம் சேகரித்துக்கொண்டிருக்கையில், “ஊருக்குத்தான் உபதேசம், எழுதுமுன் நம் வீட்டுக் கூடையைக் கொஞ்சம் பாருங்கள்” என்று எமது மனைவியார் சொன்னார். ஒரு வாரம் எதையும் வெளியே எறியவேண்டாமென்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் அனைத்தையும் பரப்பி, கோர்ட்டில் சாட்சிப் பொருள்களை அடுக்குவதுபோல் வரிசையாக வைத்துப் பார்த்தோம். கடையில் வாங்கிய பொட்டலங்கள் சிலவே. மிகுதி வேறு தினுசு. கைப்பேசியைத் தட்டினால் சில நிமிஷங்களில் வாசலுக்கு வந்து நிற்கும் சாமான்களின் பைகள். ஒரு பேனா வந்த முழ நீளப் பெட்டி. ஹோட்டல் சாப்பாட்டுடன் வந்து, பிரிக்கப்படாமலே கிடந்த சட்னிச் சிமிழ்களும் கரண்டிகளும். வேண்டாமென்று திருப்பியனுப்பிய சட்டைக்குப் பதிலாக வந்த மற்றொரு சட்டையின் உறை. அச்சட்டை நமக்கு வேண்டியிருந்ததா என்று எம்மையே கேட்டுக்கொண்டோம். இரவு பதினொரு மணிக்குத் தூக்கம் வராமல், விலை குறைத்த செய்தி கைப்பேசியில் மின்னியதால் வாங்கியது அது. ஒரு ரூபாய்ப் பொட்டலம் வாங்குகிறவள் தேவையை முன்னிட்டு வாங்குகிறாள்; நாம் விரல் அரிப்புக்காக வாங்குகிறோம். தேயிலைப் பிரசாரகன் தெருவுக்கு வந்து கோப்பையை நீட்டினான். இன்றைய பிரசாரகன் நமது தலையணைக்கடியில் படுத்திருக்கிறான்; நாம் எப்போது தளர்ந்திருக்கிறோம் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அன்று முதல் எமது இல்லத்தில் ஒரு நியமம் வைத்திருக்கிறோம். எதை வாங்க வேண்டுமென்று தோன்றினாலும் ஒரு தாளில் எழுதி ஏழு நாள் வைப்பது. எட்டாம் நாளும் வேண்டியிருந்தால், நடந்து சென்று கடையில் வாங்குவது. எட்டாம் நாள் தாளைப் பார்க்கையில், இதை ஏன் எழுதினோம் என்று விளங்காத இனங்களே அதிகம். சீயக்காய் அரைத்து வைக்கிறார்கள், அரப்பும் கிடைக்கிறது. எண்ணெய்க்குத் தூக்கு எடுத்துக்கொண்டு செக்குக்குப் போகிறோம். இவை பெரிய தியாகங்களல்ல. தொடக்கத்தில் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

சர்க்காரின் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, கள் சாராய வருமானம் போய்விட்டால் கஜானா என்னாகும் என்று கேட்டார்கள். அவர் 1939-ல் விற்பனை வரியை ஏற்படுத்தி வேறு வழி தேடினார். ஜனங்களின் பழக்கத்தைக் கொண்டு பிழைக்கும் சர்க்கார், அப்பழக்கத்தை ஒழிக்க விரும்பாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதே தமிழ்நாட்டில் 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து மது விற்கிறது. அதைப் பற்றிய எமது அபிப்பிராயம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஆயினும் அக்கடையிலிருந்தே ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. நீலகிரிக் காடுகளில் குடித்து எறிந்த புட்டிகள் உடைந்து யானைகளின் பாதங்களைக் கிழிக்கின்றன என்ற வழக்கில், சென்னை ஹைகோர்ட்டு 2022-ல் தலையிட்டது. அதன் பேரில் புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொண்டுவந்தால் அப்பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அந்த ஜில்லாவில் வந்தது. பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்தன. பிறகு வேறு ஜில்லாக்களுக்கும் அது விரிந்தது. மஞ்சள் பையை மீண்டும் கையிலெடுக்கச் சொல்லி 2021 டிசம்பரில் சர்க்கார் இயக்கம் தொடங்கியதும் நல்லதே. ஆனால் பை ஜனங்களின் கடமை. உறை கம்பெனியின் கடமை. முன்னதற்கு விழா எடுத்தவர்கள் பின்னதற்கு ஏன் விதி செய்யவில்லை? குடிகாரன் காட்டில் எறிந்த புட்டிக்கு 10 ரூபாய் வைத்துத் திரும்பப் பெற முடியுமானால், கடலூர்க் கம்பெனி அன்று செய்ததுபோல் ஐந்து உறைக்கு ஒரு பொட்டலம் கொடுக்கும்படி எல்லாக் கம்பெனிகளையும் கட்டாயப்படுத்த முடியாதா?

பத்திரிகைக்காரர்களாகிய எமது கையும் சுத்தமானதன்று. தேயிலை விளம்பரத்தை வாங்கிப் பிரசுரித்த பத்திரிகைகளைப் பற்றி மேலே எழுதினோம். நாமும் அவ்வினத்தவரே. மகாத்மா காந்தி தமது பத்திரிகைகளை விளம்பரமின்றியே நடத்தினார். அவருக்கு இயன்றது எமக்கு முழுதும் இயலவில்லை. கடைக்குக் கொடுக்கும் விலையில் இத்தாளின் காகிதச் செலவுகூட அடங்காது. ஆயினும், பாக்குப் பொட்டலக் கம்பெனி ஒன்று, சட்டத்துக்குப் பயந்து ஏலக்காய் என்று பெயர் மாற்றிக்கொண்டு, முதற்பக்கம் முழுவதையும் கேட்டுச் சென்ற மாதம் எழுதியபோது, வேண்டாமென்று திருப்பிவிட்டோம். எமது கணக்கருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவ்வகை விளம்பரம் இனி இத்தாளில் வராது.

தூத்துக்குடியை முன்னிட்டு இவ்வளவும் எழுதத் துணிந்தோம். அத்துறைமுகத்தில் 1906-ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய கதை நம் வாசகர்களுக்குப் புதிதன்று, அவரும் வக்கீலே. அதே ஊரில், 2018-ல், ஒரு பெண்கள் பள்ளியின் மாணவிகள் தாங்கள் தின்ற பிஸ்கோத்து, மிட்டாய், வறுவல் ஆகியவற்றின் காலி உறைகளைச் சில வாரங்கள் சேர்த்தார்கள். 20,000-க்கு மேல் சேர்ந்தது. அவற்றைக் கம்பெனி கம்பெனியாகப் பிரித்து, எண்ணி, உரிய கம்பெனிகளுக்கே திருப்பியனுப்பினார்கள். பண்டத்தின் சுவையில் குறையில்லை, உறையே எங்களுக்குப் பிடிக்கவில்லை, மண்ணுக்குக் கேடில்லாத உறையில் தாருங்கள் என்ற கருத்தில் கடிதமும் வைத்தார்கள். கோஷமில்லை, ஊர்வலமில்லை. உன் பொருள் உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். எத்தனையோ வருஷங்கள் கோர்ட்டுகளில் நின்று வாதித்த எமக்கு, இவ்வளவு சுருக்கமான மனு ஒன்றை எழுதியதாக நினைவில்லை.

எமது காரியாலய வாசலில் இம்மாத முதல் தேதியன்று ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறோம். உறைகளைக் கழுவி உலர்த்திப் போட வேண்டும். மாதத்துக்கொரு முறை கம்பெனிவாரியாகப் பிரித்து, உறையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் விலாசத்துக்குத் தபாலில் அனுப்புவோம். தபாற் செலவு எம்முடையது. வெளியூர் அன்பர்கள் தங்கள் ஊரிலேயே இதைச் செய்யலாம். எமக்கு அனுப்பித் தபால்காரரைக் கஷ்டப்படுத்த வேண்டாம். எந்தக் கம்பெனிக்கு எத்தனை அனுப்பினோம், என்ன பதில் வந்தது என்பதை இப்பக்கத்திலேயே பிரசுரிப்போம். பதில் வராவிட்டால் அதையும் பிரசுரிப்போம்.

முதல் நாள் மாலை எதிர்க்கடை அம்மையார் துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு, அன்றைக்குக் கூட்டிய உறைகளை ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு வந்தார். பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதுக்குக் காசு எதுனாச்சும் உண்டா, தம்பி?” என்று கேட்டார். கம்பெனிக்காரர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறோம் என்றோம்.